கேம்பிள் தந்த திறவுகோல்

நமது இதழில் மகான்கள், வேத விற்பன்னர்கள், சங்கீத மேதைகள், தேசத் தொண்டர்கள் எனப் பலருடைய வாழ்க்கை வரலாறுகளைப் படித்துவரும் அங்கத்தினர்களுக்கு, இம்முறை ஒரு வெள்ளைக்கார வன அதிகாரியைப் பற்றி நான் எழுதப் புகுந்திருப்பது சற்று வியப்பாக இருக்கலாம். அவர் பெயர் ஜேம்ஸ் ஸைக்ஸ் கேம்பிள். தென்னிந்தியாவில் தாவரவியல் படித்த எவரிடமாவது கேம்பிள் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு மனிதர் நினைவுக்கு வரமாட்டார், ஒரு புத்தகம்தான் வரும். மூன்று கனத்த வால்யூம்கள், பொடி எழுத்து, படம் ஒன்றுகூடக் கிடையாது. ஆசிரியர் பெயரே புத்தகத்தின் பெயராக நிலைத்துவிடும் பாக்கியம் சிலருக்குத்தான் கிட்டுகிறது.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குப் புத்தகங்களோடு காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்றபின் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், எங்கள் குடும்பத்தின் பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் அறிந்த அன்பர்கள் நம்மில் பலர் உண்டு. காலையில் அந்தப் பக்கம் நடந்துவிட்டு வருவது வழக்கமானபோதுதான், பாதையோரத்திலும் காலி மனைகளிலும் பூத்திருக்கும் சிறு பூக்களில் எனக்குப் பெயர் தெரிந்தவை ஐந்தாறுக்கு மேல் இல்லை என்பது புலப்பட்டது.

என் அம்மாவுக்கு அவை எல்லாம் தெரியும். எது கஷாயத்துக்கு, எது கண் மைக்கு, எது பூஜைக்கு, எதைப் பசு தின்னக்கூடாது என்று நடந்துகொண்டே சொல்லுவாள். படித்துத் தெரிந்துகொண்டது அல்ல, அவள் அம்மாவோடு நடந்து தெரிந்துகொண்டது. அவள் காலமானபோது அந்தப் பெயர்களும் அவளோடு போயின. எங்கள் வீட்டில் மட்டுமா இப்படி? இன்று நம் அகங்களில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டிகளிடம் உள்ள இந்தச் செல்வம், அடுத்த பத்து வருஷத்தில் எங்கே போகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த நிலையில்தான் அடுத்த தெருவில் உள்ள ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் கேம்பிளின் முதல் வால்யூமை என் கையில் கொடுத்தார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு சிறு லென்ஸையும் தந்தார். இந்தப் புத்தகத்தை எழுதியவர் யார், ஏன் இப்படி எழுதினார் என்று தேடிப்போனதில் தெரிந்துகொண்டவற்றையே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

வன அதிகாரியின் பயணம்

கேம்பிள் 1847ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் மாக்டலன் கல்லூரியில் படித்தார். இந்திய வனத்துறைக்குத் தேர்வானபின், பிரான்ஸ் தேசத்து நான்சி நகரில் இருந்த வனக்கல்லூரிக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டார். அந்நாளில் பிரிட்டனில் வனவியலைக் கற்பிக்கும் பள்ளியே கிடையாது. காடுகளைப் பராமரிக்கும் கலையில் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியருமே முன்னோடிகள். ஆகவே இந்தியக் காடுகளுக்கு வரவேண்டிய ஆங்கிலேய இளைஞர்கள் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் பாடம் படித்தார்கள்.

1871இல் வனத்துறையில் சேர்ந்தார். முதலில் பர்மா, பிறகு வங்காளம். டார்ஜிலிங் மாவட்டத்து மரங்கள், புதர்கள், பெருங்கொடிகள் ஆகியவற்றின் பட்டியலை 1878இல் வெளியிட்டார். 1881இல் இந்திய மரங்களைப் பற்றிய அவருடைய பெரிய கையேடு வந்தது. எந்த மரம் எந்தக் காரியத்துக்கு உதவும், அதன் கட்டை எப்படியிருக்கும், எடை என்ன என்பதெல்லாம் அதில் அடக்கம். 1882 முதல் 1890 வரை மதராஸ் மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்தார். பிறகு 1890 முதல் 1899 வரை டேராடூன் வனப்பள்ளியின் இயக்குநர். அங்கிருந்தபடியே இந்திய மூங்கில்களைப் பற்றி 1896இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். 1899இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில் ஓய்வும் பெற்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது. அக்காலத்து வனத்துறை தர்ம காரியத்துக்காக ஏற்பட்டதல்ல. ரயில் பாதைக்கு ஸ்லீப்பர் கட்டைகளும் கப்பலுக்கும் கட்டடத்துக்கும் தேக்கும் சர்க்காருக்கு வேண்டியிருந்தன. கேம்பிள் மதராஸுக்கு வந்த 1882ஆம் ஆண்டில்தான் மதராஸ் வனச் சட்டம் இயற்றப்பட்டது. காட்டை ஒட்டி வாழ்ந்த மக்கள் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தொன்றுதொட்டு அனுபவித்துவந்த உரிமைகள் அச்சட்டத்தால் குறுகின. கேம்பிள் அந்த இயந்திரத்தின் ஒரு முக்கியமான சக்கரம். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டே, அவர் விட்டுச்சென்ற நன்மையையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அவர் செடிகளைச் சேகரித்த அளவைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். உலர்த்தி, தாளில் ஒட்டி, எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதிவைத்த மாதிரிகள் ஏறக்குறைய ஐம்பதாயிரம் அவருடைய சேகரத்தில் இருந்தன. அவை பிற்பாடு லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்துக்குச் சேர்ந்தன. அத்தனையையும் அவர் ஒருவரே பறித்திருக்க முடியாது. வனக் காவலர்கள், சேகரிப்பாளர்கள், காட்டு வழி காட்டிய மலைவாசிகள் என்று எத்தனையோ கைகள் அதன் பின்னால் உண்டு. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எங்கும் இல்லை.

ஓய்வுக்குப் பின் ஆரம்பித்த வேலை

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் லிஸ் என்ற ஊரில் கேம்பிள் குடியேறினார். ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவில்தான். மலாய் தீபகற்பத்துத் தாவரங்களைப் பற்றி ஸர் ஜார்ஜ் கிங் தொடங்கியிருந்த பெரும்பணியில் கைகொடுத்தார். கிங் 1909இல் காலமான பிறகும் அந்த வேலையை விடாமல் தொடர்ந்தார். ஒரு நண்பர் பாதியில் விட்டுச்சென்றதைத் தாம் சுமப்பது எப்படிப்பட்டது என்பதை அப்போதே அனுபவித்துவிட்டார்.

அதன்பின் வந்ததுதான் மதராஸ் மாகாணத் தாவர நூல். அதற்கு முன் இந்தியா முழுமைக்குமாக ஸர் ஜோஸப் ஹூக்கரின் நூல் ஏழு வால்யூம்களில் 1872 முதல் 1897 வரை வந்திருந்தது. மகத்தான நூல், சந்தேகமில்லை. ஆனால் இமயமலைச் செடியும் கன்னியாகுமரிச் செடியும் ஒரே நூலில் கலந்து கிடந்தால், ஒரு ஜில்லாவில் இருக்கும் வன அதிகாரியோ கல்லூரி வாத்தியாரோ அதில் எதைத் தேடுவது? ஆகவே ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி நூல் எழுதும் ஏற்பாடு நடந்தது. வங்காளத்துக்கு டேவிட் ப்ரெய்ன் 1903இல் எழுதினார். பம்பாய்க்குத் தியோடர் குக் 1901 முதல் 1908 வரை எழுதினார். மதராஸ் மாகாணம் கேம்பிளின் பொறுப்பாயிற்று. அந்த நூலின் எல்லையில் நமது திருவிதாங்கூரும் அடங்கும். திருவிதாங்கூர் வனப் பாதுகாவலராக இருந்த போர்டிலன் 1908இல் இந்நாட்டு மரங்களைப் பற்றியும், அப்பதவிக்கு வந்த எம். ராமராவ் 1914இல் இந்நாட்டுப் பூக்கும் தாவரங்களைப் பற்றியும் எழுதியிருந்தார்கள்.

கேம்பிளின் முதல் பகுதி 1915இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஐரோப்பாவில் முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். வாழ்நாளில் முடியுமா என்பது நிச்சயமில்லாத ஒரு வேலையை அந்த வயதில் ஒருவர் ஏன் ஆரம்பிக்க வேண்டும்? இருபத்தெட்டு வருஷம் காட்டில் அலைந்து தெரிந்துகொண்டது தம்மோடு போய்விடக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற நம்மில் பலருக்கும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு ரூபத்தில் எழுந்திருக்கும்.

திறவுகோல் என்றால் என்ன?

அவர் எழுதிய நூலின் உயிர்நாடி, ஆங்கிலத்தில் கீ என்று சொல்லப்படும் திறவுகோல்தான். பெயர் தெரியாத செடியைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தகம் கேட்கும் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலும் இரண்டே வழிகள். இலைகள் எதிரெதிராகவா, மாறி மாறியா? பூவிதழ்கள் தனித்தனியா, ஒன்றாக இணைந்தவையா? சூல்பை இதழ்களுக்கு மேலா, கீழா? ஒரு பதிலைச் சொன்னால் மற்ற வழியில் உள்ள செடிகள் எல்லாம் விலகிவிடும். இப்படியே போனால் முதலில் குடும்பம், பிறகு பேரினம், கடைசியில் இனம் கிடைக்கும்.

கணக்குப் போட்டு வாழ்ந்தவனுக்கு இதில் ஒரு தனி ருசி உண்டு. ஒவ்வொரு கேள்வியும் பாதியைக் கழித்துவிடுவதாக வைத்துக்கொண்டால், பத்துக் கேள்விகளில் 1024 செடிகளைப் பிரித்துவிடலாம். பன்னிரண்டில் 4096. நடைமுறையில் பிரிவுகள் இவ்வளவு சமமாக இருப்பதில்லை என்றாலும் இந்த முறையின் பலம் விளங்கும். இந்த உபாயத்தை ஒரு தேசத்தின் செடிகள் முழுமைக்கும் முதன்முதலில் பெரிய அளவில் கையாண்டவர் பிரெஞ்சுக்காரரான லாமார்க். அவருடைய பிரான்ஸ் நாட்டுத் தாவர நூல் 1778இல் வந்தது. சாதாரண ஜனங்களும் குருவின் துணையில்லாமல் செடியை அடையாளம் காணவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நமது மலையாளக் கரைக்கு அதற்கு முன்பே ஒரு பெருநூல் உண்டு. டச்சுக்காரரான வான் ரீட் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு வால்யூம்களில் வெளியிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் அது. இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகிய மூன்று கொங்கணி பிராமணர்களும் அதற்கு விஷயம் தந்தவர்கள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை கே.எஸ். மணிலால் பல்லாண்டு உழைத்து முடிக்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. அது அற்புதமான படங்களால் ஆன நூல். ஆனால் பெயர் தெரியாத ஒரு செடியோடு அதனிடம் போனால், நூற்றுக்கணக்கான படங்களைப் புரட்டத்தான் வேண்டும். கேம்பிளிடம் படம் இல்லை, வழி இருக்கிறது.

அவர் செய்த இன்னொரு சிக்கனமும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக நீண்ட வர்ணனை எழுதாமல், அடையாளங்களைத் திறவுகோலுக்குள்ளேயே அடக்கினார். அதன் கீழே அந்த இனம் எந்த ஜில்லாவில், எவ்வளவு உயரத்தில் காணப்படும், தமிழிலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் என்ன பெயர் என்பவற்றைச் சுருக்கமாகத் தந்தார். அதனால்தான் இவ்வளவு பெரிய மாகாணம் மூன்று வால்யூம்களில் அடங்கியது.

தும்பையில் தொடங்கிய பாடம்

பேராசிரியர் என்னை முதலில் தும்பையில் ஆரம்பிக்கச் சொன்னார். பெயர் தெரிந்த செடியிலிருந்து தொடங்கினால், போகும் வழி சரியா என்பது கடைசியில் தெரிந்துவிடும் அல்லவா? சிவபெருமானுக்கு உகந்த பூ, சிறு வயது முதல் பறித்துப் பழகியது. அதை லென்ஸின் கீழ் வைத்தபோது, அதுவரை தும்பையை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

தண்டை விரல்களுக்கிடையே உருட்டினால் உருளாது. அது நாற்சதுரம். இலைகள் எதிரெதிர். இதழ்கள் அடியில் குழலாக இணைந்து, நுனியில் மேலுதடு, கீழுதடு என்று இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. மேலுதடு குட்டையாக, வெள்ளை ரோமத்தோடு தொப்பிபோல் கவிந்திருக்கிறது. கீழுதடு அகலமானது. மகரந்தத் தாள்கள் நான்கு, அவற்றில் இரண்டு நீளம், இரண்டு குட்டை. உள்ளே சூல்பை நான்கு துண்டங்களாகப் பிளந்து நிற்கிறது. இந்த அடையாளங்கள் எல்லாம் சேர்ந்தால் துளசியின் குடும்பம். துளசியும் தும்பையும் உறவுக்காரர்கள் என்பதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை, என் கையிலிருந்த பூவே சொல்லிற்று. அதன்பின் புல்லிவட்டத்தின் பற்களை எண்ண வேண்டும். அதன் வாய் நேராக இருக்கிறதா, சாய்வாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏனென்றால் தும்பை இனத்தில் தென்னிந்தியாவில் பல வகைகள் உண்டு.

இந்தப் பாடத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தோன்றியதைச் சொல்லக்கூடாது, கண்டதைத்தான் சொல்ல வேண்டும். பூவின் நிறமும் அழகும் பெரும்பாலும் சாட்சியாகாது. ரோமம், நரம்பு, இலையடிச் செதில் போன்ற யாரும் கவனிக்காதவைதான் சாட்சி சொல்லும். பூவும் காயும் சேர்ந்து கிடைத்தால் உத்தமம். சிறிய பூவைப் பிளக்க ஒரு பிளேடும் ஒரு குண்டூசியும் போதும்.

பெயர்ச் சண்டைக்குத் தீர்ப்பு

பெயரைச் சரியாக அறிவதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. சங்கபுஷ்பி என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஞாபக சக்திக்கு என்று ஆயுர்வேதத்தில் பேசப்படும் மூலிகை அது. கேரளத்தில் அந்தப் பெயரால் கொள்ளப்படுவது வேலியில் ஏறும் நீல நிறச் சங்குபுஷ்பம். வடக்கே அதே பெயரில் தரையோடு படரும் வேறொரு செடியைக் கொள்கிறார்கள். சிலர் விஷ்ணுகிராந்தியையே சங்கபுஷ்பி என்கிறார்கள். சங்குபுஷ்பத்துக்கோ விஷ்ணுகிராந்தா என்ற பெயரும் நூல்களில் உண்டு. மருந்துக் கடையில் பெயரைச் சொல்லி வாங்கினால் எது கிடைக்கும் என்பது, கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது!

திறவுகோலின் முன் இந்தக் குழப்பம் ஒரு நிமிஷம் நிற்காது. சங்குபுஷ்பம் அவரை, பட்டாணி ஆகியவற்றின் குடும்பம். கூட்டிலையும் பெரிய கொடியிதழும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். விஷ்ணுகிராந்தி வேறு குடும்பம். அதன் சிறு நீலப் பூவின் நடுவில் சூல்தண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்தவை. வடக்கத்திச் சங்கபுஷ்பியும் அதே குடும்பந்தான் என்றாலும், அதற்குச் சூல்தண்டு ஒன்று. லென்ஸும் கொஞ்சம் வெளிச்சமும் இருந்தால் நம் வீட்டு வாசலிலேயே தீர்ப்புக் கிடைத்துவிடும்.

முடிக்காமல் விட்ட புத்தகம்

1915க்குப் பிறகு 1918, 1919, 1921, 1923, 1924 என்று கேம்பிளின் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏழாவது பகுதி 1925இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், எழுபத்தெட்டாம் வயதில் கேம்பிள் காலமானார். இருவித்திலைத் தாவரங்களில் பெரும்பகுதியை முடித்திருந்தார். தென்னை, வாழை, கோரை, புல் முதலான ஒருவித்திலைக் கூட்டம் முழுவதும் பாக்கி. மூங்கிலையே ஆராய்ந்து பெரிய நூல் எழுதியவர், இந்த நூலில் மூங்கில் வரும் இடத்தை எட்டவில்லை.

பாக்கியை ஏற்றுக்கொண்டவர் ஸி.இ.ஸி. ஃபிஷர். இவரும் மதராஸ் வனத்துறையில் பணியாற்றியவரே. ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி 1921இல் எழுதியிருந்தார். 1925 முதல் கியூ தோட்டத்தில் இந்தியத் தாவரங்களுக்கான உதவியாளராக இருந்தார். எட்டாம் பகுதி 1928இல் வந்தது. பதினோராவது பகுதியோடு 1936இல் நூல் நிறைவெய்தியது. கேம்பிள் வகுத்த அதே அமைப்பு, அதே சிக்கனம். ஒரு கை நின்று இன்னொரு கை தொடங்கிய இடம் படிப்பவனுக்குத் தெரியாது. பிற்பாடு இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை 1957இல் இதை மூன்று வால்யூம்களாக மறுபதிப்பு செய்தது. இன்றைக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த மூன்று வால்யூம் அமைப்பைத்தான்.

இதே காலத்தில் நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த கே. ரங்காச்சாரியார் தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் எழுதிய கையேடு இன்றும் பயன்படுகிறது. புல்லை இனம் காண்பது பூவை இனம் காண்பதைவிடப் பன்மடங்கு கடினம் என்பதை முயன்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

பத்துப் பூக்களும் இரண்டு கைகளும்

கேரளத்தில் தசபுஷ்பம் என்று பத்துச் சிறு செடிகளைச் சேர்த்துச் சொல்வார்கள். கர்க்கடக மாதத்திலும் திருவாதிரையின்போதும் மங்கலப் பொருளாகப் பெண்கள் தலையில் சூடுவது இங்குள்ள வழக்கம். என் அம்மா பத்தையும் ஒரே நடையில் பறித்துக்கொண்டு வருவாள். அந்தப் பத்தையும் கேம்பிளின் திறவுகோலால் கண்டுபிடிப்பது என்று ஒரு வருஷம் சங்கல்பம் செய்துகொண்டேன்.

விஷ்ணுகிராந்தியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். முக்குற்றி தொட்டால் இலை மடங்கும், மஞ்சள் பூ பூக்கும். உழிஞ்ஞை என்பது நாம் தோசைக்கு அரைக்கும் முடக்கத்தான். அதன் கறுப்பு விதையில் வெள்ளையாக ஓர் இருதய வடிவம் உண்டு. செறூளை என்பது பொங்கலன்று கட்டும் சிறுபீளை. திருதாளி ஒரு கொடி. கய்யோன்னி நமது கரிசலாங்கண்ணி. பூவாங்குருந்தலும் முயல்செவியனும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே ஊதாப் பூங்கொத்துகள். லென்ஸில் பார்த்தால் முயல்செவியனுக்குப் பூங்கொத்தின் அடியில் உள்ள பச்சைச் செதில்கள் ஒரே வரிசை, பூவாங்குருந்தலுக்குப் பல வரிசை. மீதி இரண்டு நிலப்பனையும் கறுகை எனப்படும் அருகம்புல்லும்.

பத்தும் முடிந்தபின் எந்தச் செடி எந்தப் பகுதியில் வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கணக்கு எழுதியவனின் பழக்கம் போகாது. எட்டுச் செடிகள் கேம்பிள் எழுதிய பகுதிகளில் இருந்தன. ஒருவித்திலைத் தாவரங்களான நிலப்பனையும் அருகம்புல்லும் மட்டும் ஃபிஷர் எழுதியவற்றில் இருந்தன. அவர் அந்தப் பாரத்தை ஏற்றிருக்காவிட்டால் என் தசபுஷ்பம் எட்டோடு நின்றிருக்கும். விநாயகருக்கு உகந்த அருகம்புல்லே அதில் விடுபட்டிருக்கும்.

அம்மாவின் பெயர்கள் இப்போது என் பேத்தியிடம் இருக்கின்றன. ஒவ்வொரு செடியையும் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து உலர்த்தி, தாளில் ஒட்டி, அம்மா சொன்ன பெயர், தமிழ்ப் பெயர், சாஸ்திரப் பெயர், பறித்த இடம், தேதி எல்லாம் எழுதிவைத்திருக்கிறாள். எங்கள் தெருவிலேயே நிலப்பனை இருந்த ஒரு மனையில் இப்போது வீடு எழும்பிவிட்டது. பல முற்றங்களில் சிமெண்டுக் கட்டைகள் பாவியாகிவிட்டன. அந்த இடத்தில் நிலப்பனை இருந்தது என்பதற்கு அவள் தாள் ஒன்றே அத்தாட்சி.

அங்கத்தினர்களுக்குச் சில வார்த்தைகள்

முயன்று பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில யோசனைகள். சென்னை, கோவை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், பாலக்காடு ஆகிய இடங்களில் இருப்பவர்களுக்குக் கேம்பிளே போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழகச் சமவெளிகளுக்குத் திருச்சியைச் சேர்ந்த பாதிரியார் கே.எம். மாத்யூ 1980களில் வெளியிட்ட நூல் படங்களோடு உண்டு. மும்பை, புனே அன்பர்கள் குக்கின் நூலையும், கொல்கத்தா அன்பர்கள் ப்ரெய்னின் நூலையும், டில்லி அன்பர்கள் மகேஷ்வரி 1963இல் எழுதியதையும், பெங்களூர் அன்பர்கள் ஸல்டானாவும் நிக்கல்ஸனும் 1976இல் வெளியிட்ட ஹாஸன் மாவட்ட நூலையும் பார்க்கலாம்.

கேம்பிளில் உள்ள சாஸ்திரப் பெயர்களில் பல இன்று மாறிவிட்டன. உதாரணமாகப் பூவாங்குருந்தலை அவர் வெர்னோனியா என்றார், இப்போது ஸயாந்தில்லியம் என்கிறார்கள். புதிய பெயரைக் கியூ தோட்டத்தின் இணையதளத்தில் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். எந்த வழியில் போனாலும் ஒரு செடி பிடிபடவில்லை என்றால், அது அவர் காலத்துக்குப் பின் இங்கே வந்து பரவிய வெளிநாட்டுச் செடியாகவும் இருக்கலாம். கேரளத்தில் கம்யூனிஸ்ட் பச்சை என்று வேடிக்கையாகப் பெயர் பெற்ற செடி அப்படிப்பட்டதுதான். இனம் கண்டுவிட்டோம் என்பதற்காக எதையும் மருந்தாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். அதற்கு வைத்தியர் இருக்கிறார்.

வீட்டில் பாட்டியோ பெரியம்மாவோ இருந்தால், முதல் நாள் அவர்களை அழைத்துக்கொண்டு வெளியே போங்கள். அவர்கள் சொல்லும் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். புத்தகம் காத்திருக்கும். விஷ்ணுகிராந்தி மட்டும் காத்திருக்காது, பகல் ஏறினால் மூடிக்கொண்டுவிடும். ஆகவே காலை ஒன்பது மணிக்குள் கிளம்புவது நல்லது.